ஒளித்திரை: கையைக் காக்கும், வேகத்தையும் அளக்கும்

மாணவர்களே, பேரங்காடியில் மின்தூக்கியின் கதவு மூடிக்கொண்டிருக்கும். கடைசி நேரத்தில் யாராவது ஓடி வந்து கையை நீட்டுவார்கள். கதவு கையைத் தொடுவதற்கு முன்பே நின்று, மீண்டும் திறந்துகொள்ளும். "கதவுக்குக் கண் இருக்கிறதா, சார்?" என்று படிவம் 2 மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

இருக்கிறது. அதுவும் ஒன்றிரண்டு அல்ல. அடுத்த முறை மின்தூக்கியில் ஏறும்போது கதவுகளின் விளிம்பைக் கவனியுங்கள். மேலிருந்து கீழ்வரை கறுப்பு நிறத்தில் ஒரு நீண்ட பட்டை தெரியும். ஒரு பக்கப் பட்டைக்குள் அகச்சிவப்பு ஒளியை உமிழும் டையோடுகள் வரிசையாக இருக்கும். எதிர்ப் பக்கத்தில் அந்த ஒளியை வாங்கிக்கொள்ளும் டையோடுகள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நம் கண்ணுக்குத் தெரியாத பல ஒளிக்கற்றைகள் திரைபோல் தொங்குகின்றன. ஏதாவது ஒரு கற்றை மறைக்கப்பட்டாலும் கதவு திறந்துவிடும். இதற்குத்தான் ஒளித்திரை என்று பெயர்.

மின்தூக்கியில் இருப்பது எளிய வகை. தொழிற்சாலையில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரத்தின் முன்னால், ரோபோ கையைச் சுற்றி, கன்வேயர் பெல்ட்டின் இரு பக்கமும், டோல் சாவடியின் ஓரத்தில் என்று இதன் அண்ணன் தம்பிகள் பல இடங்களில் வேலை செய்கிறார்கள்.

ஏன் கண்ணுக்குத் தெரியாத ஒளி?

நம் கண் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளியைத்தான் பார்க்கும். ஒளித்திரைகள் பெரும்பாலும் 850 முதல் 950 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பைப் பயன்படுத்துகின்றன. சிலிக்கனால் ஆன ஒளி டையோடு இந்தப் பகுதியில்தான் மிக நன்றாக வேலை செய்யும். வேலை செய்பவரின் கண்ணையும் அது உறுத்தாது.

வீட்டில் இருக்கும் தொலைக்காட்சி ரிமோட்டிலும் இதே வகை ஒளிதான். கைத்தொலைபேசியின் முன்பக்கக் கேமராவை ரிமோட்டின் முனைக்கு எதிரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். பல தொலைபேசிகளில் வெளிர் ஊதா நிறத்தில் அது மினுக்குவது தெரியும். கவனியுங்கள், அது மினுக்குகிறது, தொடர்ந்து எரியவில்லை. ஒளித்திரையும் அப்படித்தான். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு. ஆனால் சூரியன் மினுக்குவதில்லை. குறிப்பிட்ட தாளத்தில் விட்டுவிட்டு வரும் ஒளியை மட்டுமே வாங்கிக்கொள்ளும்படி வாங்கியை அமைத்துவிட்டால், மதிய வெயில் உள்ளே வந்து விழுந்தாலும் அது ஏமாறாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லா டையோடுகளும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால் முதலாம் டையோடின் ஒளி பரவி, மூன்றாவது வாங்கியிலும் விழும். நடுவில் விரல் இருந்தாலும் பக்கத்து ஒளி வந்து "எல்லாம் சரி" என்று பொய் சொல்லிவிடும். அதனால் ஒளித்திரை ஒரு சமயத்தில் ஒரு கற்றையை மட்டும் இயக்குகிறது. முதலாவது ஒளிரும், அதற்கு நேரெதிர் வாங்கி மட்டும் கேட்கும். பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. கீழிருந்து மேல்வரை ஓடி முடித்து, திரும்பவும் முதலில் இருந்து தொடங்கும். வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதுபோல. இந்த ஓட்டத்துக்கு எடுக்கும் நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை அளக்கும்போது அதுதான் நம்மைச் சோதிக்கப் போகிறது.

ஒரு கற்றை ஏன் போதாது?

ஜெஞ்சாரோமில் இருந்து தெலுக் பங்ளிமா காராங் பக்கம் போனால், புலாவ் இண்டாவில் உள்ள மேற்குத் துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றிப் போகும் லோரிகளைத் தினமும் பார்க்கலாம். முன்னால் இழுக்கும் தலைப்பகுதி, கொஞ்சம் இடைவெளி, பிறகு நீண்ட கொள்கலன். இந்த லோரி ஒரு டோல் தடத்தில் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். தடத்தின் ஓரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு ஒளிக்கற்றை இருக்கிறது. தலைப்பகுதி போகும்போது கற்றை மறையும். இடைவெளி வந்ததும் மறுபடியும் தெரியும். கொள்கலன் வந்ததும் திரும்பவும் மறையும். கருவி என்ன எண்ணும்? இரண்டு வாகனங்கள்.

சரி, கற்றையைக் கீழே 30 சென்டிமீட்டருக்கு இறக்குவோம். இப்போது சக்கரம், இடைவெளி, சக்கரம், இடைவெளி. கணக்கு இன்னும் மோசம்!

உயரம் முழுவதும் பல கற்றைகள் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது. மேலே இடைவெளி இருந்தாலும் அங்கே நடுவில் லோரியின் அடிச்சட்டம் ஏதோ ஒரு கற்றையை மறைத்துக்கொண்டே இருக்கும். "ஒரு கற்றையாவது மறைந்திருக்கும்வரை இது ஒரே வாகனம்" என்பது விதி. எல்லாக் கற்றைகளும் ஒரே நேரத்தில் தெரிந்தால்தான் அந்த வாகனம் போய்விட்டது என்று பொருள். அந்த லோரியை ஒட்டிக்கொண்டு ஒரு கார் வந்தாலும் நடுவில் உள்ள இடைவெளியை ஒளித்திரை கண்டுபிடித்துவிடும். உலகின் பல டோல் சாவடிகளில் வாகனங்களைப் பிரித்தெண்ண இப்படித்தான் செய்கிறார்கள். (நம் ஸ்மார்ட்டெக் கருவியும் அகச்சிவப்பில்தான் பேசுகிறது. ஆனால் அதன் வேலை வாகனத்தை எண்ணுவது அல்ல, கட்டணத்தை வாங்குவது.)

ஒளித்திரையால் முடியாததும் உண்டு. நம் நாட்டு டோல் கட்டணத்தில் இரண்டு அச்சும் நான்கு சக்கரமும் உள்ள கார் முதல் வகுப்பு. இரண்டு அச்சும் ஆறு சக்கரமும் உள்ள லோரி இரண்டாம் வகுப்பு. பக்கத்தில் இருந்து பார்த்தால் லோரியின் பின்சக்கரங்கள் ஒன்றின்பின் ஒன்று மறைந்து ஒரே சக்கரமாகத்தான் தெரியும். ஒளித்திரை பார்ப்பது நிழலை மட்டுமே. நான்கா, ஆறா என்று நிழலை வைத்துச் சொல்ல முடியாது. உயரத்தை வைத்து ஊகிக்கலாம், அல்லது சாலையில் பதிக்கப்பட்ட வேறு உணரியின் உதவியை நாடலாம்.

இரண்டு திரைகள், ஒரு கடிகாரம்

இப்போது வேகத்துக்கு வருவோம். படிவம் 4 இயற்பியலில் ஃபோட்டோகேட் என்ற கருவியை மின்னணு நேரங்காட்டியோடு பயன்படுத்துகிறீர்கள். அதே கொள்கைதான். இரண்டு ஒளித்திரைகளைத் தெரிந்த தூரத்தில் நிறுத்துகிறோம். முதல் திரை மறையும் நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாம் திரை மறையும்போது நிற்கும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்.

இரண்டு திரைகளுக்கும் நடுவே 0.5 மீட்டர். ஒரு கார் அதைக் கடக்க 0.06 வினாடி எடுத்தது. 0.5 ÷ 0.06 = 8.33. அதாவது வினாடிக்கு 8.33 மீட்டர், மணிக்கு 30 கிலோமீட்டர். வேகம் தெரிந்ததும் இன்னொன்று இலவசமாகக் கிடைக்கிறது. முதல் திரை மொத்தம் 0.54 வினாடி மறைந்திருந்தது என்றால், 8.33 × 0.54 = 4.5. காரின் நீளம் 4.5 மீட்டர். அளவு நாடா இல்லாமல், காரை நிறுத்தாமல் நீளத்தை அளந்துவிட்டோம். அஞ்சல் பொட்டலங்களைப் பிரிக்கும் இடங்களில் ஓடும் பெல்ட்டில் பெட்டிகளை இப்படித்தான் அளக்கிறார்கள். உயரத்தைச் சொல்ல எந்தக் கற்றைவரை மறைந்தது என்று பார்த்தால் போதும்.

இதுவரை கேட்டால் மிக எளிதாக இருக்கிறது, இல்லையா? இனிமேல்தான் சிக்கல்.

நம் ஒளித்திரையில் 64 கற்றைகள். ஒவ்வொன்றையும் சோதிக்க 50 மைக்ரோவினாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு ஓட்டத்துக்கு 64 × 50 = 3,200 மைக்ரோவினாடி, அதாவது 3.2 மில்லிவினாடி. காரின் முன்பகுதி 20ஆம் கற்றையைத் தொடும் அதே கணத்தில் திரை 21ஆம் கற்றையைச் சோதித்துக்கொண்டிருந்தால்? 20ஆம் கற்றையின் முறை மறுபடி வரும்வரை திரைக்கு எதுவும் தெரியாது. ஆக, ஒவ்வொரு திரையும் 0 முதல் 3.2 மில்லிவினாடி வரை தாமதமாகச் சொல்லும். எவ்வளவு தாமதம் என்பது ஒவ்வொரு முறையும் மாறும்.

மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் காருக்கு 60 மில்லிவினாடியில் 3.2 மில்லிவினாடி பிழை என்பது ஏறக்குறைய 5 விழுக்காடு. பரவாயில்லை. அதே கருவியை நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும் காருக்குப் பயன்படுத்துங்கள். 0.5 மீட்டரை அது 16.4 மில்லிவினாடியில் கடந்துவிடும். பிழையைக் கழித்தால் 13.2, கூட்டினால் 19.6. வேகம் மணிக்கு 136 கிலோமீட்டர் என்றும் வரலாம், 92 என்றும் வரலாம்! சட்டப்படி ஓட்டியவருக்கு அபராதச் சீட்டு, வேகமாக ஓட்டியவருக்கு விடுதலை.

திரைகளை 5 மீட்டர் தள்ளி வைத்தால், அதே 3.2 மில்லிவினாடிப் பிழை 163.6 மில்லிவினாடியில் கரைந்துபோகும். விடை 108க்கும் 112க்கும் இடையில் வரும். ஆனால் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நடுவில் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தலாம், இரண்டு திரைகளுக்கும் இடையில் இரண்டு வாகனங்கள் இருக்கலாம். எதைக் கொடுத்து எதை வாங்குவது என்பதுதான் பொறியியலாளரின் வேலை. கற்றைகளைக் குறைத்தால் வேகமாகச் சோதிக்கலாம், ஆனால் சிறிய பொருள் நழுவிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம். எப்போதும் ஒரே அளவாக இருக்கும் தாமதம் நமக்குத் தொல்லை தராது. இரண்டு திரைகளும் சரியாக 10 மில்லிவினாடி தாமதித்தால், கழிக்கும்போது இரண்டும் அடிபட்டுப் போகும். மாறிக்கொண்டே இருக்கும் தாமதம்தான் கெடுக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட ஆய்வுக்கூடத்தில் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். ஒரு முறை மாணவர்களோடு சேர்ந்து, ஒளி பட்டால் மின்தடை குறையும் எல்.டி.ஆர். உணரிகள் இரண்டையும் ஆர்டுயினோ பலகையையும் வைத்து, சரிவில் ஓடும் தள்ளுவண்டியின் வேகத்தை அளந்தோம். அதே சரிவு, அதே வண்டி. காலையில் ஒரு விடை, மதியம் வேறு விடை. நான் கம்பிகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினான். விடை சரியாகிவிட்டது.

எல்.டி.ஆர். மிக மெதுவானது. ஒளி மாறியதை உணரப் பல மில்லிவினாடிகள் எடுக்கும். இரண்டும் ஒரே அளவு மெதுவாக இருந்திருந்தால் பிழை அடிபட்டிருக்கும். ஆனால் ஜன்னல் ஓரத்தில் இருந்ததன்மேல் வெயிலும் விழுந்ததால் அது நிழலை உணர எடுத்த நேரம் மற்றதைவிட வேறாகிவிட்டது. அடுத்த வாரம் ஒளி டிரான்சிஸ்டர் வாங்கிப் பொருத்தினோம். அது மைக்ரோவினாடிகளில் வேலை செய்யும், விலையும் சில ரிங்கிட்தான். நீங்கள் புத்தாக்கப் போட்டிக்கு இப்படி ஏதாவது செய்வதாக இருந்தால் எல்.டி.ஆர். வேண்டாம். லேசர் சுட்டுக்கருவியைப் பயன்படுத்தினால் யாருடைய கண்மட்டத்திலும் அதை வைக்காதீர்கள்.

ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குக்கெல்லாம் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று நினைக்கலாம். நம் ஓட்டக்காரர் எம். ஜெகதீசன் 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்றது. 2017இல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் அதை 20.90 வினாடியில் முறியடித்தார். வேறுபாடு 0.02 வினாடி. அந்த வேகத்தில் ஓடும் ஒருவர் 0.02 வினாடியில் கடக்கும் தூரம் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. கையில் நிறுத்துகடிகாரத்தை வைத்துக்கொண்டு இதைப் பிடிக்கவே முடியாது, நம் விரல் அசைவதற்கே ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். ஓட்டப் பயிற்சியில் ஒளிக்கற்றை வாயில்களைப் பயன்படுத்துகிறார்கள். அங்கும் ஒரே கற்றை இருந்தால் உடலுக்கு முன்னால் வீசும் கை முதலில் கற்றையை வெட்டிவிடும். அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கற்றைகள். இரண்டும் சேர்ந்து மறைந்தால்தான் நேரம் பதிவாகும். லோரிக்கு "ஏதாவது ஒன்று", ஓட்டக்காரருக்கு "இரண்டும்". கருவி ஒன்றேதான், நாம் கேட்கும் கேள்வி வேறு.

பச்சை விளக்கு எரிந்தது, விரலும் போனது

ஒளித்திரை முதலில் வேகத்தை அளக்கப் பிறந்தது அல்ல. ஜெர்மனியில் எர்வின் சிக் என்பவர் 1952இல் விபத்துத் தடுப்பு ஒளித்திரையை ஹனோவர் இயந்திரக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தினார். அழுத்து இயந்திரத்தில் கை போவதைத் தடுப்பதே நோக்கம்.

அந்த அழுத்து இயந்திரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. என் பெரியம்மா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்த சமயம் அது. ஓர் இரவு வேலையில் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. "ஒளித்திரை இருந்ததுடா. வேலையும் செய்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது" என்றார். இயந்திரம் நின்றதும் உண்மை. ஆனால் கொஞ்சம் பிந்தி நின்றது. அச்சு மாற்றியபோது ஒளித்திரையை இயந்திரத்துக்கு நெருக்கமாக நகர்த்திவிட்டார்கள், தகட்டை எட்டி எட்டி வைக்கச் சிரமமாக இருக்கிறதென்று.

அதில் என்ன தவறு? இதுவும் தூரம், வேகம், நேரம்தான். கை ஒளித்திரையைக் கடக்கிறது. திரை அதை உணர 15 மில்லிவினாடி. இயந்திரத்தின் பிரேக் பிடித்து அச்சு முழுமையாக நிற்க 135 மில்லிவினாடி. மொத்தம் 0.15 வினாடி. இந்த நேரத்தில் கை எவ்வளவு தூரம் போகும்? ஐ.எஸ்.ஓ. 13855 என்ற அனைத்துலகத் தரம், நெருக்கமான தூரங்களுக்குக் கையின் வேகத்தை வினாடிக்கு 2,000 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 2,000 × 0.15 = 300. ஆகவே ஒளித்திரை ஆபத்தான இடத்தில் இருந்து குறைந்தது 300 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 150 மில்லிமீட்டரில் வைத்தால், கை போய்ச் சேரும்போது அச்சு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்.

கற்றைகள் நெருக்கமாக இல்லாவிட்டால் இன்னும் தள்ள வேண்டும். 14 மில்லிமீட்டர் தடிமனுள்ள பொருளையே உணரும் திரை விரலைப் பிடித்துவிடும். 30 மில்லிமீட்டர் திரை உள்ளங்கை வந்தால்தான் பிடிக்கும். அதற்குள் விரல்கள் உள்ளே போயிருக்கும். அந்த வேறுபாட்டை 8ஆல் பெருக்கிக் கூட்டச் சொல்கிறது அதே தரம். 8 × (30 − 14) = 128. 300 மில்லிமீட்டர் 428 ஆகிவிடும். பக்கத்தில் பளபளப்பான உலோகத் தகடு இருந்தால் ஒளி அதில் பட்டுத் தெறித்து, விரலைச் சுற்றிக்கொண்டு வாங்கியை அடையும் ஆபத்தும் உண்டு. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒளித்திரையின் அமைப்பில் எனக்குப் பிடித்த விஷயம், அது பழுதானால் எந்தப் பக்கம் சாயும் என்பதுதான். கண்ணாடியில் தூசி படிந்தால் ஒளி வராது, இயந்திரம் நிற்கும். கம்பி அறுந்தால் ஒளி வராது, இயந்திரம் நிற்கும். ஒளி வந்துகொண்டே இருந்தால் மட்டுமே ஓட அனுமதி. வெளியே போகும் நிறுத்தக் கட்டளையும் ஒரே கம்பியில் போகாது, இரண்டு தனித்தனி வழிகளில் போகும். ஒன்று கெட்டாலும் மற்றது நிறுத்தும். இவ்வளவு யோசித்துச் செய்த கருவியை ஒரு ஸ்பேனரை எடுத்து 15 சென்டிமீட்டர் நகர்த்தி வீணாக்கிவிடலாம். அதைக் கருவியால் கண்டுபிடிக்க முடியாது. நின்று அளந்து பார்க்கும் மனிதரால்தான் முடியும்.

எஸ்.பி.எம். முடித்ததும் உங்களில் சிலர் இரண்டு மாதமாவது தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அண்ணனின் காலத்தில் இந்த விதி இல்லை. அவர் இப்போது வேறு வேலை செய்கிறார். சாப்பிடும்போது கரண்டியைப் பிடிப்பதற்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சிரமப்படுவார்.

கணக்கு ஒன்று

ஓர் அழுத்து இயந்திரத்தின் முன்னால் 14 மில்லிமீட்டர் ஒளித்திரை 300 மில்லிமீட்டர் தூரத்தில் பொருத்தப்பட்டுள்ளது. திரை உணர எடுக்கும் நேரம் 15 மில்லிவினாடி. ஆண்டுகள் ஓடியதில் பிரேக் தேய்ந்து, இயந்திரம் நிற்க இப்போது 200 மில்லிவினாடி எடுக்கிறது. ஒளித்திரையை எவ்வளவு தூரம் பின்னால் நகர்த்த வேண்டும்? முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு படியுங்கள்.

மொத்த நேரம் 0.215 வினாடி. 2,000 × 0.215 = 430 மில்லிமீட்டர். எனவே 130 மில்லிமீட்டர் பின்னால். என் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தபோது ஒரு மாணவி 130 என்று எழுதவில்லை. "பிரேக்கை மாற்ற வேண்டும்" என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் கொடுத்தேன்.